லைனில் நின்றவளுக்கு

பெரம்பூர், சென்னை
ஞாயிறு இரவு

அன்புள்ள கலா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. கையால் நாலு பக்கம் எழுதி ஸ்டாம்ப் ஒட்டி அனுப்பியவளுக்கு, வாட்ஸ்அப்பில் ஒரு கட்டை விரலைக் காட்டிவிட்டு இருக்க மனசு வரவில்லை. தாமதத்துக்கு அது ஒரு காரணம். இன்னொரு காரணமும் இருக்கிறது, பின்னால் வருகிறேன்.

முதலில் வீட்டுச் செய்தி. இங்கே மழை பிடித்துக்கொண்டது. மாமியாருக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது வீட்டில் இருக்கும் ஒட்டடை முழுக்க அவர் கண்ணில்தான் முதலில் படுகிறது. பையன் பெங்களூரில் இருக்கிறான், பணம் வேண்டுமென்றால் மட்டும் “அம்மா” என்று இழுத்துக் கூப்பிடுகிறான். உன் முட்டிக்கு பிசியோதெரபி “போகணும்” என்று எழுதியிருக்கிறாய். போகவில்லை என்று அர்த்தம். கோயம்புத்தூரில் இருந்துகொண்டு டோர்னமெண்ட் பார்க்கப் போக மட்டும் முட்டி ஒத்துழைக்கிறதா உனக்கு?

நான் மறுபடி கூடைப்பந்து கிரவுண்டுக்குப் போகிறேன் என்பதுதான் பெரிய செய்தி. நம் ஜூனியர் ஒருத்தி ஒரு பெண்கள் கல்லூரியில் பி.டி. மேடமாக இருக்கிறாள். “அக்கா, காலையில் மட்டும் வந்து பிள்ளைகளைப் பாருங்க” என்று ஜூனிலேயே கேட்டாள். ஐந்தே முக்காலுக்கு கிரவுண்டு, எட்டு மணிக்கு வீடு, பத்து மணிக்கு ஆபீஸ். முதல் வாரம் இடுப்பு பிடித்துக்கொண்டது. இப்போது பரவாயில்லை, விசிலும் கையுமாக நடமாடுகிறேன்.

இந்தக் காலத்து ஆட்டத்தைப் பார்த்தால் உனக்கு மூச்சு முட்டும். நமக்கு 20 நிமிஷம் வீதம் இரண்டு பாதி, பந்து கைக்கு வந்தால் 30 நொடி. 2000-இல் அதை மாற்றினார்கள். இப்போது 10 நிமிஷம் வீதம் நாலு குவார்ட்டர், 24 நொடிக்குள் ஷாட் அடித்தாக வேண்டும். பந்துகூட மாறிவிட்டது. பெண்களுக்கு 6-ஆம் நம்பர் பந்து என்று 2004-இல் கொண்டுவந்தார்கள். நாம் ஆண்கள் ஆடும் அதே 7-ஆம் நம்பரை விரல் பிதுங்கப் பிடித்துக்கொண்டு ஆடியது ஞாபகம் இருக்கிறதா? அதைச் சொன்னால் இந்தப் பிள்ளைகள் ஏதோ சிலம்பாட்டக் கதை கேட்பதுபோல் பார்க்கிறார்கள்.

டீமில் ஒரு பொண்ணு இருக்கிறாள். பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்தும் பாயிண்ட் கார்டு, பி.காம். இரண்டாம் வருஷம், ஐந்தடி ஒரு அங்குலம். எல்லாரும் வாண்டு என்றுதான் கூப்பிடுகிறோம். அப்பா ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். அவளுக்கு சீட்டு, ஹாஸ்டல், சாப்பாடு எல்லாம் ஸ்போர்ட்ஸ் கோட்டா. அதனால் அவளுக்கு ஒரு மேட்ச் என்பது வெறும் மேட்ச் கிடையாது. பைனலுக்குப் போகாவிட்டால் அடுத்த வருஷம் சலுகையைக் குறைப்பார்கள் என்று யாரோ அவள் காதில் போட்டுவைத்திருக்கிறார்கள். உண்மையா, வதந்தியா என்று கடைசி வரை எனக்குப் பிடிபடவில்லை. வதந்தியாகவே இருந்தாலும், பந்தைத் தூக்கும்போது அதன் எடையும் சேர்ந்துதானே கையில் இருக்கும்?

லீக் மேட்ச் ஒன்றில் ரிங்குக்குப் பக்கத்தில் போய்ப் போடும் ஒரு சுலபமான லே-அப்பை அவள் விட்டாள். போர்டில் பட்டு வந்த பந்து அவள் தலையிலேயே விழுந்தது. யாரோ அதை எடுத்து, பின்னால் ஒரு காமெடி வசனம் சேர்த்து ஸ்டேட்டஸ் போட்டுவிட்டார்கள். ராத்திரிக்குள் மூன்று கல்லூரிக்குப் போய்விட்டது. நம் காலத்தில் காம்பவுண்டு சுவரில் உட்கார்ந்து கத்தும் பசங்கள்தான் தொல்லை. பாவாடையை ஷார்ட்ஸுக்கு மேலே மாட்டிக்கொண்டு 29சி பஸ்ஸில் ஏறினால் அவர்கள் அங்கேயே நின்றுவிடுவார்கள், நம்முடன் வீட்டுக்கு வரமாட்டார்கள். இந்தப் பிள்ளைகளுக்கு அந்தச் சுவர் பைக்குள்ளேயே இருக்கிறது.

நடுவில் ஒன்று சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் ஸ்மித் கல்லூரி என்று பெண்கள் கல்லூரி. நெய்ஸ்மித் 1891-இல் இந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்த கையோடு, செண்டா பெரன்சன் என்ற டீச்சர் அதை அங்கே பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். 1893-இல் முதல் மேட்ச் வைத்தபோது பார்க்க ஆண்களை உள்ளே விடவில்லையாம். எவ்வளவு நிம்மதியாக ஆடியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். 2024-இல் அதே நாட்டுப் பெண்கள் கல்லூரி பைனலை, சவுத் கரோலினாவும் அயோவாவும் ஆடியதை, டி.வி.யில் 1.8 கோடிப் பேருக்கு மேல் பார்த்தார்கள். அந்த வருஷ ஆண்கள் பைனலைப் பார்த்தவர்களைவிட அதிகம், அதுதான் முதல் தடவை. எனக்குப் பெருமைதான். ஆனாலும் இருபது வயசுப் பொண்ணு ஃபவுலுக்குக் கிடைத்த ஃப்ரீ த்ரோவை அடிக்க லைனில் தனியாக நிற்கும்போது கோடிக் கண் அவள் முழங்கையைப் பார்க்கிறது என்றால், நினைக்கவே வயிற்றைக் கலக்குகிறது.

சரி, பயிற்சிக்கு வருகிறேன். ஆரம்பத்தில் நான் செய்தது எல்லாம் தப்பு. பிராக்டிஸ் முடிவில் ஒருத்தி லைனில் நிற்பாள், விட்டால் மொத்த டீமும் கோர்ட்டின் ஒவ்வொரு கோடாகத் தொட்டுத் திரும்பும் “சூசைட்” ஓட்டம் ஓட வேண்டும். நம் கோச் சார் செய்ததுதான், அதையே செய்தேன். டென்ஷன் பழகட்டும் என்று நினைப்பு. இரண்டாவது வாரம் கவனித்தால், பிராக்டிஸ் மேட்சில் பிள்ளைகள் ரிங் பக்கம் போவதையே குறைத்துவிட்டார்கள். உள்ளே புகுந்தால் ஃபவுல் கிடைக்கும், ஃபவுல் கிடைத்தால் லைனில் நிற்க வேண்டும், எதற்கு வம்பு என்று வெளியிலேயே பந்தைத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் பழக்கியது ஷாட்டை அல்ல, ஒளிந்துகொள்வதை. அன்றோடு நிறுத்திவிட்டேன்.

இப்போது ஓட்டம் முதலில், ஷாட் பிறகு. கோர்ட்டைக் குறுக்கும் நெடுக்கும் ஓடி, நெஞ்சு படபடவென்று அடிக்கும்போது இரண்டே இரண்டு ஃப்ரீ த்ரோ. போட்டாலும் விட்டாலும் நோட்டில் எழுதிவிட்டு அடுத்த ஓட்டம். தண்டனையும் கிடையாது, கைதட்டலும் கிடையாது. ஒரே இடத்தில் நின்று நூறு அடிப்பதை விட்டுவிட்டோம். மேட்சில் யார் நமக்கு நூறு தருகிறார்கள்? மூச்சு வாங்கும்போது இரண்டு தருவார்கள், அதிலும் பந்து கையில் வந்து ஐந்து நொடிக்குள் அடிக்க வேண்டும்.

அந்த நோட்டால் ஒரு கணக்கு தெரிந்துகொண்டேன். வாண்டு பத்துக்கு ஏழு போடுவாள். நல்ல கை. அப்படியென்றால் இரண்டும் விழ எவ்வளவு வாய்ப்பு? ஏழேழு நாற்பத்தொன்பது. நூற்றுக்கு 49. பாதிகூட இல்லை! பத்துக்கு எட்டு போடுகிறவளுக்கே 64-தான். வெளியே நிற்கிற நாம் “ரெண்டும் போட்டுடு” என்று எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிடுகிறோம்.

பி.டி. மேடம் எம்.ஃபில். படித்தபோது எழுதிவைத்த நோட்டு ஒன்றைக் கொடுத்தாள். கனடாவில் கால்கரி பல்கலைக்கழகத்து ஜோன் விக்கர்ஸ் என்பவரின் ஆராய்ச்சி அதில் இருந்தது. நன்றாக அடிக்கிறவர்கள் கண்ணை எங்கே வைக்கிறார்கள் என்று கருவி மாட்டிப் பார்த்திருக்கிறார். கண் அலையாமல் ரிங்கில் ஒரே இடத்தில் நின்று, அதற்குப் பிறகுதான் கை கிளம்புகிறதாம். அதையே பல்கலைக்கழகப் பெண்கள் டீம் ஒன்றுக்குச் சொல்லிக்கொடுத்து, இரண்டு சீசன் கழித்துப் பார்த்தால் மேட்சிலும் ஃப்ரீ த்ரோ ஏறியிருந்தது. 2001-இல் வெளிவந்தது. பெரிய விஞ்ஞானத்தைக் கண்டுகொண்ட தோரணையில் வாண்டுவிடம் விளக்கினேன். “நான் நெட் மாட்டுற கொக்கியைத்தானே அக்கா பார்ப்பேன், நடுவுல இருக்கிறதை” என்றாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவர்கள் தெருவில் இருந்த ரிங்கில் நெட் கிடையாது, கொக்கி மட்டும்தான் இருந்ததாம்.

இவர்கள் எல்லாருக்கும் அந்த அயோவா டீமில் ஆடிய கெய்ட்லின் க்ளார்க் பைத்தியம், 22-ஆம் நம்பர் பனியனுக்கு சண்டையே நடந்தது. எனக்கு வீடியோ காட்டி என்னையும் கெடுத்துவிட்டார்கள். எனக்குப் பிடித்தது வேறு ஒருத்தி. மிசிசிப்பி ஸ்டேட் என்ற அமெரிக்கக் கல்லூரி டீமின் மோர்கன் வில்லியம், ஐந்தடி ஐந்து அங்குலம். 2017-இல் யூகான் என்கிற கனெக்டிகட் பல்கலைக்கழக டீம் வரிசையாக 111 மேட்ச் ஜெயித்துவிட்டு வந்து நிற்கிறது. கல்லூரிச் சாம்பியன்ஷிப் அரையிறுதி ஓவர்டைமில், மணி அடிக்கும் நொடியில் இந்தப் பொண்ணு ஒரு ஷாட் போட்டு 66-64 என்று அந்த வரிசையை முறித்தாள். உலகமே அவள் பேரைச் சொல்லிற்று. இரண்டு நாள் கழித்து பைனல், கடைசி குவார்ட்டர் முழுக்க பெஞ்சில் உட்காரவைத்துவிட்டார்கள், டீமும் தோற்றது. அடுத்த வருஷமும் அதே டீம் பைனலுக்கு வந்தது. நோட்டர் டேமின் அரிகே ஒகுன்பொவாலே 0.1 நொடி மிச்சம் இருக்கும்போது மூன்று பாயிண்ட் போட்டு 61-58 என்று இவர்களைக் கவிழ்த்தாள். முதல் வருஷம் கடைசி நொடியால் வாழ்ந்தார்கள், மறு வருஷம் கடைசி நொடியால் போனார்கள். வாண்டுவுக்கு இதைச் சொன்னால் “அப்போ பெஞ்சுல உட்கார்ந்தப்போ அவங்க என்ன பண்ணிட்டிருந்தாங்க?” என்று கேட்டாள். அந்த வயசில் எனக்குத் தோன்றியிருக்காத கேள்வி.

நம் ஊர்க் கதையும் சொல்லாமல் இல்லை. 2017-இல் பெங்களூரில் நம் பெண்கள் கசகஸ்தானை 75-73 என்று ஜெயித்து ஆசியக் கோப்பை பி டிவிஷனை எடுத்தார்களே, அந்த இரண்டு பாயிண்ட் வித்தியாசத்தைச் சொன்னேன். நம் சென்னை அனிதா பால்துரை 19 வயசில் இந்தியாவுக்கு கேப்டன் ஆனதையும், 2021-இல் பத்மஸ்ரீ வாங்கியதையும் சொன்னேன். “பத்தொன்பதா? எனக்கும் பத்தொன்பதுதான்” என்று வாண்டு விரல் விட்டு எண்ணிப் பார்த்துக்கொண்டாள்.

இப்போது இரண்டாவது காரணத்துக்கு வருகிறேன். போன சனிக்கிழமை இன்டர்-காலேஜ் பைனல். மழையால் வெளிக் கோர்ட்டில் வைக்க முடியாமல் கடைசி நிமிஷத்தில் உள்ளரங்குக்கு மாற்றினார்கள். சிமெண்டில் பழகிய பிள்ளைகளுக்கு மரத்தரை. பந்து எழும்புவது வேறு, ஷூ “கீச் கீச்” என்று சத்தம் போடுவது வேறு. முதல் குவார்ட்டரில் 11 பாயிண்ட் பின்னால் போய், மெல்ல மெல்லப் பிடித்து வந்தோம். ஆறு நொடி இருக்கும்போது 51-52. வாண்டு இடது பக்கம் புகுந்து எகிறினாள், ரிங்குக்கு அடியில் ஆடும் அவர்கள் போஸ்ட் பொண்ணு அவள் கையைத் தட்டிவிட்டாள். ஃபவுல். இரண்டு ஷாட்.

உடனே எதிர் கோச் டைம்-அவுட் கேட்டார். எதற்கு என்று உனக்கே தெரியும். ஒரு நிமிஷம் அவளை ஊறப்போடுவதற்கு. நான் ஃப்ரீ த்ரோவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. “விழுந்தாலும் விழலைன்னாலும் உடனே திரும்பி ஓடு, அவங்க எட்டாம் நம்பர் உன்னோட ஆள்” என்று மட்டும் சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள். கை துண்டைப் பிழிந்துகொண்டே இருந்தது.

முதல் ஷாட், ரிங்கின் பின் விளிம்பில் பட்டு வெளியே வந்தது.

அரங்கமே “ஓ” என்றது. அவள் திரும்பி பெஞ்சைப் பார்த்தாள். என்னைத்தான் பார்த்தாள், கலா. எனக்கு அந்த நொடியில் வாண்டு தெரியவில்லை. 1997 தெரிந்தது. ஒரு பாயிண்ட் பின்னால், எட்டு நொடி, லைனில் நீ.

இத்தனை வருஷத்தில் நாம் இதைப் பேசியதே இல்லை. கல்யாணத்துக்கு வந்தாய், குழந்தை பிறந்தபோது வந்தாய், அம்மா போனபோது ராத்திரி பஸ் பிடித்து வந்தாய். எதை எதையோ பேசியிருக்கிறோம். அன்றைக்கு கேப்டன் என்ற மிதப்பில் நான் உன் பக்கத்தில் வந்து காதில் என்ன சொன்னேன் என்பதை மட்டும் நீயும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. “கலா, உங்க அப்பா வந்திருக்கார்டி, கேட் பக்கத்துல நிக்கிறார்.” அதுதான் நான் சொன்னது. பொம்பளைப் பிள்ளை கால் தெரிய ஓடுகிறாள் என்று ஒரு மேட்சுக்கும் வராத மனுஷன் அன்றைக்கு வந்துவிட்டாரே, தெரிந்தால் உனக்குத் தெம்பு வரும் என்று நினைத்தேன். நீ கேட் பக்கம் பார்த்தாய். அப்புறம் ரிங்கைப் பார்த்தாய். இரண்டும் விழவில்லை.

டிரெஸ்ஸிங் ரூமில் எல்லாரும் உன்னைச் சமாதானப்படுத்தினார்கள். நானும் சேர்ந்து சமாதானப்படுத்தினேன், அதை நினைத்தால்தான் இன்றும் கூசுகிறது. அந்த வருஷம் உன் கணக்கு பத்துக்கு ஆறு. நூறு தடவை அந்த லைனில் நிறுத்தினால் 16 தடவை இரண்டும் விழாது. போன மாதம் நோட்டில் போட்டுப் பார்த்தேன். அந்தப் பதினாறில் ஒன்றுக்காக நீ ஹாஸ்டல் மொட்டை மாடியில் இரண்டு நாள் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாய். கணக்கு என்னை விடுவிக்கவில்லை, சொல்லிவிடுகிறேன். அறுபதை நாற்பதாக்கியது நான்தானோ என்னவோ.

அதனால்தான் சனிக்கிழமை வாண்டு என்னைப் பார்த்தபோது நான் முகத்தைக் காட்டவில்லை. என் முகத்தில் எது ஓடினாலும் அது அவளுக்குக் கூடுதல் பாரம். வாயைத் திறந்தால் ஏதாவது உளறுவேன். குனிந்து தண்ணீர் கேனின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன். திறந்திருந்த மூடிதான், அதையே மறுபடி திருகினேன். வலையில் விழுந்த சத்தம் கேட்டுத்தான் நிமிர்ந்தேன். இரண்டாவது உள்ளே. 52-52. திரும்பி ஓடி எட்டாம் நம்பரையும் பிடித்தாள்.

ஓவர்டைமில் தோற்றோம், 57-61. அதில் ஒன்றும் சொல்வதற்கில்லை, அவர்களுக்கு உயரம் அதிகம், நம் போஸ்ட் ஐந்து ஃபவுலில் வெளியே போய்விட்டாள்.

எழும்பூர் வரை எல்லாரும் ஒரே வேனில் வந்தோம். வழியில் பஜ்ஜி வாங்கிக் கொடுத்தேன். மற்றவர்கள் தூங்கியபிறகு வாண்டு முன் சீட்டுக்கு வந்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் பஜ்ஜி மடித்த பேப்பரையே மடித்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்: “முதல் ஷாட் விட்டதும் என்னைப் பார்க்கவே மாட்டேன்னுட்டீங்களே அக்கா. அவ்வளவு கோபமா?”

எனக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை. கோபம் இல்லை என்று சொன்னேன். நம்பினாளா என்று தெரியாது. அன்று ராத்திரி தூங்கவில்லை. பேசினால் பாரம் என்று நினைத்தேன், பேசாததும் பாரமாகிவிட்டது. 28 வருஷம் கழித்து எதிர்ப்பக்கத்திலிருந்து அதே தப்பைச் செய்திருக்கிறேன்.

அதனால் உன்னைத்தான் கேட்கிறேன். புத்தகத்தில் எழுதியிருப்பது எல்லாம் வெளியே நின்று பார்த்தவர்கள் எழுதியது. நீ உள்ளே நின்றவள். அன்றைக்கு நான் உன் பக்கத்தில் வராமலே இருந்திருக்க வேண்டுமா? வந்து சும்மா முதுகில் தட்டியிருந்தால் போதுமா? இல்லை, உன் ஷூ லேஸ் அவிழ்ந்திருக்கிறது என்று ஏதாவது பொய் சொல்லியிருக்கலாமா? நிஜமாகவே என்ன வேண்டியிருந்தது உனக்கு? அப்பா வந்திருந்தது தெரியாமலே அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்குமா என்றுகூடக் கேட்க நினைக்கிறேன். பதில் சொல்லப் பிடிக்கவில்லையென்றால் அந்த வரியை விட்டுவிடு.

அடுத்த மாதம் சவுத் ஜோன் டோர்னமெண்ட். அதற்கு முன்னால் எழுது. ஃபோன் வேண்டாம், ஃபோனில் நீ “அதெல்லாம் ஒண்ணுமில்லடி” என்று முடித்துவிடுவாய்.

முட்டிக்கு பிசியோதெரபி போ.

உன்
விஜி